சுரங்கப்பாதை வடிவமைப்பில் பாறை இயக்கவியல்: நேட்டால் மலைகளை முன்வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

சுரங்கப்பாதை என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது உள்ளே தெரியும் கான்கிரீட் வளையம். மலையின் பாரத்தை அதுதான் தாங்கி நிற்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள். 300 மீட்டர் பாறையின் முழுப் பாரத்தையும் 30 சென்டிமீட்டர் கான்கிரீட் தலையில் ஏற்றினால் அது நொறுங்கிப்போகும். மலையைத் தாங்குவது மலைதான். தோண்டிய ஓட்டையைச் சுற்றியுள்ள பாறை தன் பாரத்தைத் தானே சுற்றி அனுப்பிக்கொள்கிறது. அந்த வேலையை அது கெடாமல் செய்ய உதவுவதுதான் போல்ட் (பாறைக்குள் இறக்கும் கம்பி), ஷாட்கிரீட் (பாறைமேல் பீய்ச்சி அடிக்கும் கான்கிரீட்), கான்கிரீட் எல்லாம். பாறை எங்கே, எப்படி, எப்போது அந்த வேலையைக் கைவிடும் என்று முன்கூட்டியே கண்டுபிடிப்பதற்குப் பெயர்தான் பாறை இயக்கவியல்.

தென்னாப்பிரிக்காவில் டர்பன், பீட்டர்மாரிட்ஸ்பர்க், ஜொஹன்னஸ்பர்க் பக்கம் சிவில், சுரங்கவியல், மண்ணியல் படித்துவிட்டு வேலையில் சேர்ந்திருக்கும் நம் பிள்ளைகளை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ படிப்பவர்கள் பாறையின் பெயரை மாற்றிக்கொண்டால் போதும், முறை ஒன்றுதான். இந்தத் துறையில் தென்னாப்பிரிக்காவுக்குத் தனி இடம் உண்டு. பாறைக்கு மதிப்பெண் போட உலகம் முழுக்கப் பயன்படும் ஆர்.எம்.ஆர். தரமதிப்பீட்டைப் பொறியாளர் பீனியாவ்ஸ்கி 1973இல் வெளியிட்டது பிரிட்டோரியாவின் சி.எஸ்.ஐ.ஆர். ஆய்வு நிறுவனத்தில் இருந்தபோதுதான்.

கணக்குப் போட ஒரு கற்பனைச் சுரங்கத்தை வைத்துக்கொள்வோம். நேட்டால் மிட்லண்ட்ஸ், 300 மீட்டர் ஆழம், 4 மீட்டர் விட்டம், குடிநீர் கொண்டுபோகும் பாதை. உம்கோமாசி ஆற்றுத் தண்ணீரை உம்கேனிப் பக்கம் திருப்ப ஏறத்தாழ 32 கிலோமீட்டர் நீளத்துக்குத் திட்டமிட்டிருக்கும் சுரங்கமும் இதே மாதிரி நிலத்தில்தான் போக வேண்டியிருக்கும். என்னுடைய எண்கள் அந்தத் திட்டத்தின் எண்கள் அல்ல. பாடத்துக்காக நானே எடுத்துக்கொண்டவை.

படி 1: நிலத்தின் கதையைத் தெரிந்துகொள்ளுங்கள்

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து டிராக்கன்ஸ்பர்க் அடிவாரம் வரை நிலத்தடியில் பெரும்பாலும் கரூ எனப்படும் படிவுப் பாறை அடுக்குகள். ஷேல், மட்ஸ்டோன் (இரண்டும் சேறு இறுகிய பாறைகள்), மணற்கல் என்று மாறி மாறி, ஏறத்தாழக் கிடைமட்டமாக. அவற்றின் ஊடே சுமார் 18 கோடி ஆண்டுகளுக்கு முன் உருகிய நிலையில் புகுந்து உறைந்த டோலரைட். செங்குத்தாக நின்றால் டைக், அடுக்குகளுக்கு நடுவே விரிப்பாகப் பரவியிருந்தால் சில்.

டோலரைட் இரும்பு மாதிரி உறுதி. ஆனால் அது புகுந்தபோது பக்கத்துப் பாறையைச் சுட்டு, நொறுக்கி, வெடிப்புகளை விட்டுவிட்டுப் போயிருக்கும். அந்த ஓரத்தில்தான் நிலத்தடி நீர் தேங்கும். விவசாயிகள் போர்வெல் போட டைக் ஓரத்தைத் தேடிப்போவது அதனால்தான். கிணற்றுக்கு வரமாக இருப்பது சுரங்கத்துக்கு வினை. டோலரைட்டில் காந்தத் தன்மை இருப்பதால் வானிலிருந்தோ தரையிலிருந்தோ காந்த அளவீடு செய்தால் டைக் கோடு கோடாகத் தெரிந்துவிடும். துளை போடும் செலவோடு ஒப்பிட்டால் இதற்கு ஆவது சொற்பம். இதைச் செய்யாமல் துளைக்குப் போகாதீர்கள்.

போர்ஹோல் எங்கே போடுவது? சுரங்கத்தின் இரு வாய்களிலும் நெருக்கமாக. நடுவில், மண்ணியல் வரைபடம் சந்தேகம் கிளப்பும் இடங்களில். எல்லாத் துளைகளையும் செங்குத்தாகப் போடுவது புதியவர்களிடம் அடிக்கடி பார்க்கும் பழக்கம். செங்குத்தான பிளவுகளைச் செங்குத்தான துளை சந்திக்கவே சந்திக்காது. சிலவற்றையாவது சாய்த்துப் போடுங்கள். இல்லாவிட்டால் மலையில் செங்குத்துப் பிளவே இல்லை என்று அறிக்கை சொல்லும், நீங்களும் நம்பிவிடுவீர்கள்.

வட நேட்டால் என்றால் இன்னொரு வேலையும் உண்டு. டண்டி, கிளென்கோ, நியூகாசில் வட்டாரத்தில் நிலத்தடியில் பழைய நிலக்கரிக் குழிகள் ஏராளம். ஒப்பந்தக் கூலிகளாக வந்த நம் முன்னோர் பலர் வேலை செய்த குழிகள் அவை. காந்தி வழிநடத்திய 1913 அக்டோபர் வேலைநிறுத்தம் பற்றிக்கொண்டதும் நியூகாசில் சுரங்கங்களிலிருந்துதான். அந்தக் காலத்து வரைபடங்களை முழுசாக நம்ப முடியாது. வரைபடத்தில் இல்லாத வெற்றிடம், உள்ளே தேங்கிய தண்ணீர், மீத்தேன் என்று எதுவும் இருக்கலாம். அந்தப் பக்கம் எதைத் தோண்டினாலும் முன்னோக்கித் துளை போட்டுப் பார்த்துக்கொண்டே போவது வடிவமைப்பின் பகுதி என்றே எழுதிவையுங்கள்.

படி 2: கோர் பெட்டியை அன்றைக்கே படியுங்கள்

துளையிலிருந்து வரும் உருளைக் கல்தான் கோர். அதில் முதலில் எடுக்கும் எண் ஆர்.க்யூ.டி. 10 சென்டிமீட்டரும் அதற்கு மேலும் நீளமுள்ள முழுத் துண்டுகளை மட்டும் கூட்டி, துளைத்த நீளத்தால் வகுக்க வேண்டும். 1.5 மீட்டரில் அப்படிப்பட்ட துண்டுகள் 0.98 மீட்டர் என்றால் 65 விழுக்காடு. துளைக்கும்போது உடைந்த புது முறிவுகளைப் பிளவாக எண்ணக் கூடாது. புது முறிவின் முகம் பளிச்சென்று கறையில்லாமல் இருக்கும். இயற்கைப் பிளவில் துரு, களி, கால்சைட் ஏதாவது ஒட்டியிருக்கும்.

கரூ மட்ஸ்டோனில் இதற்குக் காலக்கெடு உண்டு. வெயிலில் கிடந்த பெட்டியை ஒரு வாரம் கழித்துத் திறந்தால் கோர் தானாகவே தட்டுத் தட்டாகப் பிரிந்து கிடக்கும். நீங்கள் அளப்பது அப்போது பாறையை அல்ல, வெயிலை. துளை போட்ட அன்றே பதிவு செய்யுங்கள். ஆய்வகத்துக்குப் போகும் துண்டுகளை ஈரம் போகாமல் பிளாஸ்டிக்கில் சுற்றி மெழுகு பூசிவிடுங்கள்.

கட்டாயம் செய்ய வேண்டிய சோதனைகள்: ஒற்றை அச்சு அமுக்க வலிமை, புள்ளிச் சுமை, இழுவலிமை, பிளவுத் தளத்தின் வழுக்கல் வலிமை. மட்ஸ்டோனுக்கு நனைந்து உலரும்போது உதிரும் தன்மையும் வேண்டும். இதற்கு ஆய்வக முறை இருக்கிறது, சரி. ஆனால் தளத்திலேயே ஒரு தம்ளர் போதும். சாம்பல் நிற மட்ஸ்டோன் துண்டை ஒரு நாள் வெயிலில் காயவிட்டு, கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் ஊற்றிப் போடுங்கள். முதலில் குமிழிகள் கிளம்பும். அப்புறம் அடுக்குகளை ஒட்டி மயிரிழைக் கீறல்கள். பிறகு ஓரங்கள் செதில் செதிலாக உதிரும். மோசமான வகை என்றால் மதியச் சாப்பாடு முடித்து வருவதற்குள் தம்ளரின் அடியில் சேறுதான் மிஞ்சும். அமுக்க வலிமை 40 மெகாபாஸ்கல் என்று ஆய்வகம் சான்றிதழ் கொடுத்த அதே பாறை இது.

இது சின்ன விஷயம் இல்லை. 1975இல் திறந்த ஆரஞ்சு–ஃபிஷ் சுரங்கம் 82 கிலோமீட்டருக்கு மேல் கரூ பாறைகளுக்குள் போகிறது. அங்கே மட்ஸ்டோன் உதிர்வது பெரிய பிரச்சினையாக இருந்தது. லெசோதோ மலைநீர்த் திட்டத்தில் காட்சே அணையிலிருந்து தண்ணீர் கொண்டுவரும் 45 கிலோமீட்டர் சுரங்கத்தின் பெரும்பகுதியை, பசால்ட் தானே என்று பூச்சு இல்லாமல் விடத்தான் முதலில் நினைத்தார்கள். தோண்டிய பிறகு அந்தப் பசால்ட்டில் சில வகைகள் காற்றும் ஈரமும் பட்டுச் சிதையத் தொடங்கியதால் கான்கிரீட் போட வேண்டியதாயிற்று. வலிமையும் நீடிப்பும் ஒன்றல்ல.

படி 3: பாறைக்குள் ஏற்கெனவே இருக்கும் தகைவு

அலகுப் பரப்பில் விழும் விசைதான் தகைவு. செங்குத்துத் தகைவுக்கு எளிய கணக்கு: ஆழத்தை மீட்டரில் எடுத்து 0.027ஆல் பெருக்கினால் மெகாபாஸ்கல். நம் 300 மீட்டருக்கு 8.1. இதில் பெரிய வாக்குவாதம் வராது.

வாக்குவாதம் எல்லாம் கிடைமட்டத் தகைவில்தான். அது செங்குத்தைவிடக் குறைவாகவும் இருக்கலாம், இரண்டு மடங்காகவும் இருக்கலாம். ஆழம் குறைந்த இடங்களில் கிடைமட்டம் ஓங்கி நிற்பது உலகெங்கும் கண்டது. ஊகிப்பதைவிட அளப்பது நல்லது. துளையின் அடியில் உணரியை ஒட்டி, அதைச் சுற்றிப் பெரிய துளையால் வெட்டி விடுவித்து, கல் எவ்வளவு விரிகிறது என்று பார்க்கும் முறை ஒன்று. துளைக்குள் தண்ணீரை அழுத்திப் பாறையைப் பிளந்து பார்க்கும் முறை இன்னொன்று. முதல் வகையில் ‘டோர்ஸ்டாப்பர்’ என்ற கருவி சி.எஸ்.ஐ.ஆரில் உருவானதுதான்.

கிடைமட்டம் செங்குத்தைப் போல 1.5 மடங்கு என்று அளவீடு சொல்கிறது என வைத்துக்கொள்வோம். இந்த 1.5தான் கீழே வரும் விகிதம். வட்டச் சுரங்கத்துக்குக் கிர்ஷ் 1898இல் கொடுத்த தீர்வு இன்றைக்கும் முதல் கணக்குக்குப் போதும்:

கூரையில் தகைவு = (3 × விகிதம் − 1) × செங்குத்துத் தகைவு
பக்கச் சுவரில் = (3 − விகிதம்) × செங்குத்துத் தகைவு

நம் சுரங்கத்தில் கூரையில் 3.5 × 8.1 = 28 மெகாபாஸ்கல், சுவரில் 1.5 × 8.1 = 12. அதாவது தோண்டுவதற்கு முன் 8இலிருந்து 12 வரை இருந்த தகைவு கூரையில் 28க்கு ஏறிவிட்டது. விகிதம் மூன்றில் ஒன்றுக்குக் கீழே போனால் கூரையில் இழுவிசை வந்துவிடும். பாறைக்கு இழுவிசை பிடிக்காது.

படி 4: எப்படி உடையும் என்று முதலில் கேளுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியை மட்டும் எடுத்துக்கொள்வதென்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். பலர் கோர் பதிவிலிருந்து நேரே தரமதிப்பீட்டு எண்ணுக்குத் தாவி, எண்ணிலிருந்து போல்ட் இடைவெளிக்குத் தாவிவிடுகிறார்கள். நடுவில் விட்டுப்போகும் கேள்வி: இந்த இடத்தில் பாறை எந்த வழியில் உடையும்?

முதல் வழி, கட்டியாக விழுவது. மூன்று பிளவுத் தளங்கள் கூரைக்கு மேல் சந்தித்தால் கூம்பு வடிவக் கட்டி ஒன்று பிரிந்து நிற்கும். பாறை எவ்வளவு உறுதியாக இருந்தாலும் அந்தக் கட்டி விழும். வலிமைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆழம் குறைந்த டோலரைட்டில் இதுதான் முதல் எதிரி. பிளவுகளின் சாய்வையும் திசையையும் அரைக்கோள வரைபடத்தில் போட்டுப் பார்த்தால் எந்தப் பக்கத்துக் கட்டி, எவ்வளவு பெரிது என்று தெரியும். சுரங்கத்தின் திசையைக் கொஞ்சம் திருப்பினாலே சில கட்டிகள் காணாமல் போவதும் உண்டு.

இரண்டாவது, தகைவால் செதில் விடுவது. இதைப் பார்க்கத் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கக்காரர்கள் வைத்திருக்கும் எளிய அளவுகோல், பாறைச் சுவர் நிலைக் காரணி: சுவரில் வரும் உச்சத் தகைவைப் பாறைத் திரளின் (பிளவுகளோடு சேர்ந்த மொத்தப் பாறையின்) வலிமையால் வகுப்பது. 0.7க்குக் கீழே என்றால் சாதாரணத் தாங்கு அமைப்பு போதும். 1.4ஐத் தாண்டினால் தனி ஏற்பாடு வேண்டும். நம் 28ஐ மட்ஸ்டோனின் 40ஆல் வகுத்தால் 0.7. ஆய்வகத் துண்டின் வலிமையைவிடப் பாறைத் திரளின் வலிமை குறைவு என்பதால் உண்மையில் இன்னும் கூடும். 90 மெகாபாஸ்கல் மணற்கல்லில் 0.31, 200 மெகாபாஸ்கல் டோலரைட்டில் 0.14. ஒரே சுரங்கம், ஒரே ஆழம். மட்ஸ்டோன் கூரை செதில் விடும், டோலரைட் கண்டுகொள்ளாது. 4 கிலோமீட்டர் ஆழம் வரை போகும் எம்போனெங் மாதிரித் தங்கச் சுரங்கத்தில் செங்குத்துத் தகைவே 108 மெகாபாஸ்கல். அங்கே குவார்ட்ஸைட் செதில் விடுவதோடு நிற்பதில்லை, வெடித்துச் சிதறும்.

மூன்றாவது, அடுக்கு தொங்குவது. கிடைமட்ட அடுக்குகளில் கூரைப் பாறை பலகைபோல் தொய்ந்து, நடுவில் முறியும். இங்கே ஒரு நுணுக்கம். வளைவான கூரைதான் எப்போதும் நல்லது என்று பாடப்புத்தகம் பழக்கிவிடும். மெல்லிய கிடை அடுக்குகளில் வளைவு வெட்டினால், ஒவ்வோர் அடுக்கின் நுனியும் ஆதரவில்லாமல் நீட்டிக்கொண்டு நிற்கும். வெடி வைத்த கையோடு அவை உதிர்ந்து, நீங்கள் வேண்டாம் என்ற தட்டையான கூரையே கிடைக்கும். நல்ல மணற்கல் அடுக்கு ஒன்று சரியான மட்டத்தில் கிடைத்தால் அதையே கூரையாக விட்டு, போல்டால் மேல் அடுக்கோடு தைத்துவிடுவது சில சமயம் புத்திசாலித்தனம்.

நான்காவது, காலத்தால் கெடுவது. தம்ளரில் பார்த்த கதை. ஐந்தாவது, தண்ணீரோடு சேர்ந்து ஓடிவருவது: டைக் ஓரம், பிளவுப் பெயர்ச்சி வலயம். இந்த ஐந்தில் உங்கள் சுரங்கத்தின் ஒவ்வொரு பகுதிக்கும் எவை பொருந்தும் என்று பாதை நெடுக அட்டவணை போடுங்கள். அதற்கப்புறம் எண்ணுக்குப் போகலாம்.

படி 5: தரமதிப்பீடு

ஆர்.எம்.ஆரில் ஆறு அம்சங்கள்: பாறையின் வலிமை, ஆர்.க்யூ.டி., பிளவுகளின் இடைவெளி, பிளவுகளின் நிலை, நிலத்தடி நீர். கடைசியாக, சுரங்கத் திசைக்குப் பிளவுகள் சாதகமா பாதகமா என்பதற்குக் கழிவு. 1989 பதிப்பின்படி நம் மட்ஸ்டோனுக்கு: வலிமை 40 மெகாபாஸ்கல், 4 மதிப்பெண். ஆர்.க்யூ.டி. 65, 13. பிளவு இடைவெளி 30 சென்டிமீட்டர், 10. பிளவு முகங்கள் சற்றுச் சொரசொரப்பு, நன்கு சிதைந்தவை, 20. ஈரக்கசிவு மட்டும், 10. கூட்டினால் 57. திசைக்காக 5 கழித்தால் 52. மூன்றாம் வகுப்பு, அதாவது நடுத்தரம். இந்த வகுப்பில் 5 மீட்டர் அகலம் தாங்கு அமைப்பு இல்லாமல் ஏறத்தாழ ஒரு வாரம் நிற்கும் என்கிறது அட்டவணை.

பார்ட்டனும் சகாக்களும் நார்வேயில் 1974இல் கொடுத்த கியூ முறை மூன்று பின்னங்களைப் பெருக்குகிறது. கட்டியின் அளவு, கட்டிகளுக்கு இடையிலான பிடிப்பு, தண்ணீரும் தகைவும். ஆர்.க்யூ.டி. 65, மூன்று பிளவுக் கூட்டங்கள் (9), சொரசொரப்பான நேர்த்தளம் (1.5), சற்றுச் சிதைந்த முகம் (2), மற்றவை 1 என்று வைத்தால்: 65/9 × 1.5/2 × 1 = 5.4. இதுவும் நடுத்தரம். ஆனால் தகைவுக் காரணியை 1க்குப் பதில் 5 என்று போட்டால் மதிப்பு 1.1ஆக விழுந்து, தாங்கு அமைப்பின் செலவே மாறிவிடும். அந்த 1ஆ 5ஆ என்பதைத் தீர்மானிப்பது படி 4இல் நீங்கள் செய்த யோசனைதான். எண்ணுக்குள்ளே ஒளிந்திருப்பது உங்கள் தீர்ப்பு.

இன்னும் இரண்டு எச்சரிக்கை. ஆர்.எம்.ஆர். தாங்கு அட்டவணை 10 மீட்டர் அகலமுள்ள, வெடிவைத்துத் தோண்டும், லாட வடிவச் சுரங்கத்துக்காக எழுதியது. 4 மீட்டர் சுரங்கத்துக்கு அதை அப்படியே போட்டால் வீண்செலவு. அடுத்தது இதைவிட முக்கியம்: இரண்டு முறைகளிலும் ‘காற்றுப் பட்டால் உதிருமா’ என்ற கேள்விக்குத் தனிக் கட்டமே இல்லை. 52 வாங்கிய மட்ஸ்டோனும் 52 வாங்கிய மணற்கல்லும் ஒரு மாதம் கழித்து ஒன்றல்ல. தம்ளர் முடிவை வரைபடத்திலேயே தனி நிறத்தில் குறித்துவையுங்கள்.

படி 6: தாங்கு அமைப்பு

போல்ட் நீளத்துக்குக் கியூ முறையின் விதி: 2 + 0.15 × அகலம் ÷ தேவைக் காரணி (சுரங்கத்தின் பயனைப் பொறுத்த எண்). தண்ணீர்ச் சுரங்கத்துக்குக் காரணி 1.6; பெரிய சாலைச் சுரங்கம், மின்நிலையக் கூடம் என்றால் 1. நமக்கு 2 + 0.15 × 4 ÷ 1.6 = 2.4 மீட்டர்.

இந்த எண்ணைக் கட்டிக் கணக்கோடு ஒத்துப்பாருங்கள். டோலரைட் பகுதியில் பிளவு வரைபடம் காட்டும் மிகப் பெரிய கூரைக் கட்டி 2 கனமீட்டர் என்றால் எடை சுமார் 5.8 டன். கூரைக்குப் பாதுகாப்புக் காரணி 2 என்றால் 11.6 டன் பிடிப்பு வேண்டும். 20 மில்லிமீட்டர் உயர்வலிமைக் கம்பி ஒன்றே சுமார் 16 டன் தாங்கும். ஆனால் ஒரே கம்பியை நம்பிக் கட்டியைத் தொங்கவிடுபவர் யாருமில்லை; க்ரௌட் (சிமெண்டுக் குழம்பு) சரியாக நிரம்பாத ஒரு துளை போதும், கதை முடிந்தது. எந்த இடத்திலும் எந்தக் கட்டிக்குள்ளும் குறைந்தது இரண்டு போல்ட் விழும்படி இடைவெளியை 1.5 மீட்டருக்குள் வையுங்கள். கம்பியின் நுனி கட்டியைத் தாண்டி நல்ல பாறைக்குள் குறைந்தது ஒரு மீட்டராவது இறங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். கட்டியின் உச்சி கூரைக்கு 1.8 மீட்டர் மேலே என்றால் நம் 2.4 மீட்டர் போதாது, விதி என்ன சொன்னாலும் சரி.

மட்ஸ்டோன் பகுதியில் போல்ட் இரண்டாம் பட்சம். அங்கே முதல் மருந்து ஷாட்கிரீட், அதுவும் உடனே. வெடித்த பின் கழுவிச் சுத்தம் செய்து, அதே ஷிஃப்டில் 50 மில்லிமீட்டர் அடித்து மூடிவிட வேண்டும். அந்த முதல் பூச்சின் வேலை ஈரத்தைப் பூட்டுவது. பாரம் தாங்குவதற்கான பூச்சு, வலையோ நாரோ சேர்த்து, பிறகு வரும். தரையையும் மறக்கக் கூடாது. டிரக்குகள் ஓடி, தண்ணீர் நின்று, மட்ஸ்டோன் தரை நாலு நாளில் குழம்பாகிவிடும்.

கணினி மாதிரி எப்போது? இதற்கெல்லாம் பிறகு. சிறிய சுரங்கத்துக்குப் பல சமயம் தேவையே இல்லை. இரண்டு சுரங்கங்கள் சேரும் இடம், பெரிய கூடம், நெருக்கமான இணைச் சுரங்கங்கள் என்றால் கட்டாயம் வேண்டும். பாறைத் திரளின் வலிமையைக் கணிக்கும் ஹூக்–பிரவுன் அளவுருக்களைப் போடுமுன், மாதிரி எந்த உடைவு வழியைக் காட்ட முடியும், எதைக் காட்ட முடியாது என்று எழுதிவையுங்கள். தொடர் ஊடகமாகப் பாறையைப் பார்க்கும் மென்பொருளுக்குக் கூரைக் கட்டி கண்ணுக்கே தெரியாது.

படி 7: தூண்களும் கூடங்களும்

நிலத்தடியில் அறைகள் குடைந்து நடுவில் பாறையைத் தூணாக விடும்போது, தூணின் வலிமையே கட்டமைப்பின் வலிமை. இந்தப் பாடத்துக்கு இந்த நாடு கொடுத்த விலை பெரிது. 1960 ஜனவரி 21 அன்று கோல்புரூக் நிலக்கரிச் சுரங்கத்தில் தூண்கள் ஒன்றன்பின் ஒன்றாக நொறுங்கி 435 பேர் மாண்டார்கள். அதையடுத்து நடந்த ஆய்வின் விளைவாக, நின்ற தூண்கள், விழுந்த தூண்கள் இரண்டின் விவரங்களையும் சேர்த்துச் சாலமனும் மன்ரோவும் 1967இல் ஒரு சூத்திரம் தந்தார்கள். தூணின் வலிமை = 7.2 × அகலத்தின் 0.46 அடுக்கு ÷ உயரத்தின் 0.66 அடுக்கு, மெகாபாஸ்கலில்.

போட்டுப் பார்ப்போம். 100 மீட்டர் ஆழம், 12 மீட்டர் சதுரத் தூண், 6 மீட்டர் அறை, 3 மீட்டர் உயரம். வலிமை 10.9. தூணுக்கு வரும் சுமை 0.025 × 100 × (18/12)² = 5.6. பாதுகாப்புக் காரணி 1.9. பாதுகாப்பாகக் கருதும் 1.6க்கு மேல், நல்லது. இப்போது கூரையில் மிச்சமிருக்கும் கரியையும் எடுக்கலாமே என்று உயரத்தை 5 மீட்டராக்குங்கள். அகலத்தைத் தொடவே இல்லை. வலிமை 7.8, காரணி 1.4. தூணின் பக்கவாட்டில் ஒரு கை வைக்காமலேயே பாதுகாப்பைத் தின்றுவிட்டோம். கோல்புரூக்கிலும் கூரைக் கரியை எடுத்து அறைகளின் உயரத்தைக் கூட்டியிருந்தார்கள். இந்தச் சூத்திரம் நிலக்கரிக்கானது. கிரானைட் கூடத்துக்கு எடுத்துப் போகாதீர்கள். ஒல்லியான தூணில் உயரம் சத்தமில்லாமல் கொல்லும் என்பது மட்டும் எல்லாப் பாறைக்கும் பொருந்தும்.

பெரிய கூடங்களைப் பார்க்க லேடிஸ்மித்காரர்கள் தூரம் போக வேண்டாம். வான் ரீனன் பக்கத்தில் இங்குலா நீரேற்று மின்நிலையம், 1332 மெகாவாட், மலைக்குள் கரூ மட்ஸ்டோனில் குடைந்த சுமார் 25 மீட்டர் அகலக் கூடம். இந்தத் தம்ளர்ப் பாறையிலும் இவ்வளவு அகலம் நிற்கவைக்க முடியும். கூரையை முதலில் ஒரு சிறிய சுரங்கமாகக் குடைந்து, பிறகு அகலப்படுத்தி, போல்டும் நங்கூரமும் போட்டு முடித்த பிறகே கீழ்நோக்கி இறங்கும் ஒழுங்குதான் இத்தகைய கூடங்களுக்கு உயிர். வரைபடத்தில் கூடத்தின் வடிவத்தைப் போலவே தோண்டும் வரிசையும் இருக்க வேண்டும்.

படி 8: தோண்டும்போது வடிவமைப்பு முடிவதில்லை

ஓர வெடித்துளைகளை நெருக்கமாகப் போட்டு, குறைந்த மருந்து வைத்து, கடைசியில் வெடியுங்கள். ஓரத்தில் அதிக மருந்து வைத்தால் நல்ல பாறையை நீங்களே ஒரு வகுப்பு கீழே இறக்கிவிடுகிறீர்கள்.

வெடித்தபின் முதலில் உள்ளே போவது கடப்பாரை. கூரையைத் தட்டினால் உறுதியான பாறை கணீரென்று ஒலிக்கும். பிரிந்து நிற்பது தொப்பென்று உள்ளீடற்ற சத்தம் தரும். கிளென்கோவிலிருந்து வந்த மூத்த ஷிஃப்ட் பாஸ் ஒருவரிடம் இளம் பொறியாளர் ஒருவர் கேட்டதைப் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன். “அண்ணே, இந்தப் பகுதி இரண்டாம் வகுப்புன்னு போர்டில் எழுதியிருக்கே, இன்னும் எதுக்குத் தட்டுறீங்க?” அவர் திரும்பாமலே சொன்னார்: “அந்தப் போர்டை நாம படிக்கிறோம் தம்பி, மேல இருக்கிறது படிக்கலையே.” அவர் தட்டிய மூன்றாவது இடத்திலிருந்து மேசை அளவுப் பலகை ஒன்று இறங்கியது.

முகப்பு (தோண்டிக்கொண்டிருக்கும் முனை) ஒவ்வொரு முறை முன்னேறும்போதும் மண்ணியலாளர் புதிய முகப்பை வரைந்து, தரமதிப்பீட்டைத் திருத்த வேண்டும். அதோடு சுவர் நெருங்குவதை அளக்க எதிரெதிர்ப் புள்ளிகள் பதிக்க வேண்டும். இதை முகப்புக்கு மிக அருகிலேயே, வெடித்த உடனே செய்யுங்கள். முகப்பு ஓரிடத்தை எட்டும்போதே அங்கே வரவேண்டிய மொத்த அசைவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு முடிந்துவிடும். தாமதித்துப் பதித்தால் மிச்சத்தையும் கோட்டைவிடுவீர்கள். முகப்பு இரண்டு விட்டத் தூரம் போனபின் அசைவைக் காட்டும் வரைகோடு படுத்துவிட வேண்டும். அதன் பிறகும் ஏறிக்கொண்டே போனால், அசைவு எத்தனை மில்லிமீட்டர் என்று வாதிட்டுக்கொண்டிருக்காமல் தாங்கு அமைப்பைக் கூட்டுங்கள். எந்த வேகத்தில் எச்சரிக்கை, எந்த வேகத்தில் ஆட்களை வெளியேற்றுவது, யார் சொன்னால் வேலை நிற்கும் என்பதெல்லாம் ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும். இரவு 2 மணிக்கு அதைப் பேசி முடிக்க முடியாது.

சுரங்க வேலையில் பாறை விழுதலையும் வெடிப்பையும் தடுக்க எழுத்து வடிவ நடைமுறை வேண்டும் என்பது 1996ஆம் ஆண்டுச் சுரங்கச் சுகாதார, பாதுகாப்புச் சட்டத்தின் வழியில் வந்தது. இந்தத் துறையில் நிலைக்க விரும்புபவர்கள் பாறைப் பொறியியல் சான்றிதழ்த் தேர்வுகளையும் எழுதிவிடுங்கள். பட்டம் மட்டும் வைத்துக்கொண்டு தங்கச் சுரங்கத்தில் பேச்சு எடுபடாது.

படி 9: தண்ணீர்

ஜொஹன்னஸ்பர்க் கௌட்ரெய்ன் 2010 ஜூனில் ஓடத் தொடங்கியது. ரோஸ்பேங்க்கிலிருந்து பார்க் நிலையம் வரையிலான நிலத்தடிப் பகுதி மட்டும், சுரங்கத்துக்குள் நீர்க்கசிவு காரணமாக, 2012 ஜூனில்தான் திறந்தது. சுரங்கம் இடியவில்லை, யாருக்கும் ஆபத்தில்லை. கசிவு மட்டுமே இவ்வளவு காலம் பிடிக்கும். துளைக்குள் நீர் அழுத்தச் சோதனை செய்து, எங்கே க்ரௌட் அடைக்க வேண்டும், எங்கே வடிகால் போதும் என்று தோண்டுமுன்பே பிரித்துவையுங்கள். முகப்புக்கு முன்னால் அடைப்பது எளிது. தோண்டிய பின் பின்னாலிருந்து ஓடிவரும் தண்ணீரை அடைப்பது பணத்தைத் தண்ணீராக விடும் வேலை.

நம் சுரங்கம் தண்ணீர் கொண்டுபோவது என்பதால் இன்னொரு சரிபார்ப்பும் உண்டு. உள்ளே வரும் உச்ச நீரழுத்தம், சுற்றியுள்ள பாறையின் மிகக் குறைந்த தகைவைவிடக் கூடவே கூடாது. கூடினால் தண்ணீர் பிளவுகளைத் திறந்துகொண்டு மலைச்சரிவில் வெளியே வரும். 200 மீட்டர் நீர்மட்ட உயரம் என்றால் 2 மெகாபாஸ்கல். நடுமலையில் 8க்கு முன் இது ஒன்றுமில்லை. சுரங்கம் பள்ளத்தாக்கை நெருங்கி மேல்மூடி (மேலே இருக்கும் பாறை) 60 மீட்டராகும்போது செங்குத்துத் தகைவு 1.6தான். அந்த நீளத்துக்கு எஃகுக் குழாய் உறை தவிர வேறு வழியில்லை. உறை எங்கே தொடங்க வேண்டும் என்பதை அளந்த தகைவை வைத்துத் தீர்மானியுங்கள். மேல்மூடி உயரத்தை மட்டும் வைத்துத் தீர்மானித்தால், செங்குத்தான சரிவின் ஓரத்தில் பக்கவாட்டுப் பிடிப்பு குறைந்திருப்பது கணக்கில் வராது.

சுரங்கத்தை முதல் முறை நிரப்புவதும், பிற்பாடு பார்வையிடக் காலி செய்வதும் வடிவமைப்பாளர் எழுதித் தர வேண்டிய நடைமுறைகள். காலி செய்வது கூடுதல் ஆபத்து. உள்ளே தண்ணீர் இறங்கிவிடும். பாறைப் பிளவுகளில் ஊறியிருக்கும் தண்ணீர் அதே வேகத்தில் இறங்காது. உறையின் முதுகில் அந்த அழுத்தம் முழுசாக நின்று உள்பக்கம் தள்ளும். அதனால் ஒரு மணி நேரத்துக்கு எத்தனை மீட்டர் இறக்கலாம் என்ற உச்சவரம்பை அழுத்தமானிகளின் அளவீட்டோடு கட்டி எழுதிக் கொடுங்கள். வால்வைத் திருப்பும் ஆள் கையில் அந்தத் தாள் இருக்க வேண்டும், அலுவலக அலமாரியில் அல்ல.